தாலாத் தோட்டத்தில் ஓர் அண்ணனூர்க் குரல்

2024 டிசம்பர் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு நான் வேறொருவருடைய பேருந்தில் ஏறி, வேறொருவருடைய படுக்கையில் படுத்துக்கொண்டேன். இந்தப் பயணம் தொடங்கியதாக நான் கருதுவது அந்த நிமிடத்தைத்தான். விமானத்தில் ஏறியபோதுகூட ஊரைவிட்டு வந்துவிட்ட உணர்வு எனக்கு ஏற்படவில்லை.

தவறு என்னுடையது; காரணம் செருப்பு. வியட்நாமின் படுக்கைப் பேருந்துகளில் ஏறும்போதே காலணியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் உணவுக்கு நிறுத்தும்போது, ஓட்டுநரின் உதவியாளர் கதவருகே ஒரு கூடை ரப்பர் செருப்புகளைக் கொட்டுகிறார். இறங்குபவர்கள் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரே நிறப் பேருந்துகள் வரிசையாக நின்ற அந்த இடத்தில், ஒரே நிறச் செருப்பணிந்த பெருங்கூட்டத்தின் நடுவே, நான் என் பேருந்தை அடையாளம் கண்டது முன்கண்ணாடியில் தொங்கிய சிவப்புக் குஞ்சத்தை வைத்து. எல்லாப் பேருந்துகளிலும் சிவப்புக் குஞ்சம் தொங்கியது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அந்தப் படுக்கைக்கு உரிய பெண்மணி கையில் ஒரு பை சீமைப்பனிச்சைப் பழங்களோடு, பார்க்கத் தக்காளி போலிருக்கும் இனிப்புப் பழங்கள், வந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. என் கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்து, ஒரு பழத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் நன்றி சொல்லி வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பேருந்திலிருந்து என் அக்கா ரேவதி ஓடிவந்தாள்.

“அடியே, பூந்தமல்லில பஸ் மாறத் தெரியாத உன்னைய எனக்குத் துணைன்னு அனுப்பிச்சிது பாரு அம்மா!”

அது உண்மைதான். ரேவதி அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வாரம் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அலுவலகம் அனுமதித்ததும், அவள் வரைபடத்தில் குளிரான ஒரு மலைநகரத்தைத் தேடி, தாலாத்தைக் கண்டுபிடித்தாள். தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கும் எனக்கு அப்போதுதான் பருவத் தேர்வு முடிந்திருந்தது. அளந்து பேசுபவள், ஆகவே பொறுப்பானவள் என்று எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அந்தக் கருத்தின் பேரில் நான் காவலுக்கு அனுப்பப்பட்டேன்.

என்னிடமும் ஒரு வேலை இருந்தது. சாதாரண மனிதர்கள் தம் வாழ்க்கையைச் சொல்லும் ஒலிப்பதிவுகளை எழுத்து வடிவத்தோடு இணையத்தில் வெளியிடும் ஒரு சிறு நிறுவனம் சென்னையில் உள்ளது. பேச்சைக் கேட்டுக் கணினி ஒரு வரைவை எழுதித் தரும். அதைத் திருத்துவது என் பணி. ஒரு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தேன். என் ஆசிரியர் பிரபா மேடம், மதுரையிலிருந்து வந்து பூந்தமல்லிப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் குடியிருப்பவர். இம்மாதப் பதிவுகள் முழுக்க அம்பத்தூர், அண்ணனூர், ஆவடிக்காரர்களுடையவை. அதனால்தான் திருமுல்லைவாயில்காரியான என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

தாலாத் முதலில் மூக்குக்குத்தான் வந்து சேர்ந்தது. மலைச்சாலையின் கடைசி வளைவில் ஓட்டுநர் சன்னலைத் திறந்தார். பைன் மரப் பிசினின் வாசனையோடு ஒரு குளிர் உள்ளே வந்தது. எங்கள் ஊரில் மார்கழி விடியலில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுகிற குளிர், இங்கே பட்டப்பகலில் குடியிருந்தது. மலைச்சரிவுகளில் பாதி வெண்மையாக இருந்தது. பனி என்று நினைத்தேன். பூக்களும் கீரைகளும் வளரும் பிளாஸ்டிக் கூரைக் குடில்கள் அவை என்று அருகில் போன பிறகு தெரிந்தது.

நான் நடந்த சாலைகளில் ஒரு சிக்னல் விளக்கைக்கூடக் காணவில்லை. ஐந்து சாலைகள் கூடுமிடத்தில் இருசக்கர வண்டிகள் ஒன்றையொன்று பார்த்து, சற்றே தயங்கி, வழிவிட்டுப் பிரிந்தன. ஆரன் ஒலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது, ஆனால் அது ‘நான் வருகிறேன்’ என்று சொன்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அது ‘நீ ஏன் இருக்கிறாய்’ என்று கேட்கும்.

மறுநாள் காலை, தங்கியிருந்த வீட்டிலிருந்து இறங்கும் படிகள் முடியும் இடத்தில் அந்தக் காபித் தோட்டத்தைக் கண்டோம். சரிவை நான்கு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மர மேசைகள் போட்டிருந்தார்கள். நீல ஹைட்ராஞ்சியாப் புதர்கள் மேசைகளுக்கு நடுவே தடுப்பாக நின்றன. ஒவ்வொரு மேசையின் காலிலும் ஒரு மின்செருகுவாய். மழை படாமலிருக்க அதற்கு மேல் ஒரு சின்னத் தகரக் குல்லாய். நாற்காலி முதுகில் மடித்துப் போட்ட கம்பளி. வேலை செய்ய வருபவருக்கு என்னென்ன தேவைப்படும் என்பதை யாரோ உட்கார்ந்து, நிதானமாக, அன்போடு யோசித்திருந்தார்கள்.

யோசித்தவள் லான். அந்தத் தோட்டத்தை நடத்துபவள். குட்டை முடி, முழங்கால் வரை ரப்பர் காலணி. காபி கேட்கும் முன்பே தன் கைபேசியை என் முகத்தருகே நீட்டினாள். அதிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலி வானொலிச் செய்திக் குரலில் வினவியது: “தாங்கள் பிறந்த ஆண்டு யாது?”

ரேவதி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு முகம் சிவந்தது. முன்பின் தெரியாதவர் வயதைக் கேட்பதை நான் விரும்புவதில்லை. ஆனாலும் சொன்னேன். லான் மாதத்தையும் கேட்டாள். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு, “சி!” என்றாள்.

காரணம் பிறகு விளங்கியது. வியட்நாமிய மொழியில் ‘நான்’ என்பதற்கும் ‘நீ’ என்பதற்கும் அன்றாடப் பேச்சில் உறவுச்சொற்களே பயன்படுகின்றன. எதிரிலிருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. லான் என்னைவிட ஐந்து மாதம் இளையவள். ஆகவே நான் ‘சி’, அதாவது அக்கா. அவள் ‘எம்’, தங்கை. ஒரு மொழி தன் பெயர்ச்சொற்களுக்குள்ளேயே ஒரு குடும்பத்தைக் கட்டிவைத்திருப்பதை வியந்தேன். மச்சான், மாமே, அண்ணாத்தே என்று முகம் தெரியாதவரை அழைக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது அந்நியமாகவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ‘பாப்பா’வான நான் அன்று முதன்முறையாக ஒருவருக்கு அக்கா ஆனேன். எங்கள் மொழியில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் அவள் மேல்படியிலிருந்து “அக்கா!” என்று கூவும்போதெல்லாம் ரேவதியும் நானும் ஒருசேரத் திரும்பினோம்.

இங்கே காபி வருவதில்லை; இறங்குகிறது. கண்ணாடிக் குவளையின் மேல் ஒரு சிறு தகர வடிகட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சொட்டுச் சொட்டாக அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவருக்கு அர்த்திசோ என்னும் முட்பூவைக் காய்ச்சிய சூடான தேநீர் இலவசம். குவளை காலியாகும்போதெல்லாம் யாரோ வந்து நிரப்புகிறார்கள். ஒரு காபியோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் எவரும் மேசையைத் துடைக்கும் சாக்கில் நம்மைப் பார்ப்பதில்லை.

கீழ்ப்படியில் இரண்டு முதியவர்கள் தினமும் சீனச் சதுரங்கம் ஆடினார்கள். ஒருவர் ஏதோ உரக்கச் சொல்ல மற்றவர் கோபித்துக்கொண்டார். லான் தன் கைபேசியில் அதை எனக்கு மொழிபெயர்த்துக் காட்டினாள்: “உன் யானை ஆற்றைத் தாண்டாது. சும்மா மிரட்டாதே.” அந்த ஆட்டத்தில் யானைக் காய் நடுக்கோட்டைக் கடக்கக்கூடாதாம்.

புதன்கிழமை காலை லான் எங்களைத் தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போனாள். மண்ணாலான குழிக்கல்லில் அரிசிமாவை ஊற்றி, முட்டையை உடைத்து விட்டு, சிறு மூடிகளால் மூடி வேகவைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. ‘பான் கான்’ என்றார்கள். ரேவதி குனிந்து பார்த்து, “இது நம்ம குழிப்பணியாரம்டி! யாரு யாராண்டேர்ந்து திருடினாங்க?” என்றாள். வெங்காயத்தாளும் மீன்சாறும் கலந்த கிண்ணத்தில் முக்கிச் சாப்பிட்டோம். சட்னியைத் தேடிய நாக்கு முதல் வாயில் ஏமாந்தது. மூன்றாவது வாயில் மறந்துவிட்டது.

அன்று பிற்பகல் ரேவதியின் காணொளிக் கூட்டம் நடந்தது. அவளுக்குப் பின்னால் பைன் மரங்களும் நீலப் பூக்களும். கணினிக்குள்ளிருந்து அவளுடைய அலுவலக நண்பன் ஒருவனின் குரல் கேட்டது: “ரேவதி, பேக்ரவுண்ட் செமையா கீது. எங்க டவுன்லோடு பண்ண? லிங்க் அனுப்பு மச்சி.”

“டேய், நெஜ தோட்டம்டா இது.”

“யாராண்ட கத விடற? பூவு ஆடக்கூட மாட்டேங்குது.”

அந்த நேரம் பார்த்து லானின் சேவல் ரேவதியின் மேசைமேல் ஏறி, திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கூவியது. கூட்டம் அத்துடன் கலைந்தது.

சேவலைத் தூக்கிப்போக வந்த லானிடம், இவ்வளவு அழகான தோட்டம் உன்னுடையதா என்று கேட்டேன். அவள் பேசினாள், கைபேசி தமிழில் சொன்னது: “தோட்டம் என்னுடையது அன்று. என்னிடம் இருக்கிறது.” செயலி தடுமாறுகிறது என்று நினைத்தேன். லான் தலையசைத்து மறுபடியும் சொன்னாள். நிலம் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் உள்ளது. குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டிருக்கிறாள். மரங்களை அவள்தான் வளர்த்தாள், ஆனால் மண்ணைத் தன்னுடையது என்று அவள் சொல்வதில்லை. என்னிடம் இருக்கிறது: அவ்வளவுதான். துல்லியமான வாக்கியம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்த வாக்கியம் மறுநாளே எனக்குத் தேவைப்பட்டது.

வியாழன் காலை பிரபா மேடத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. அண்ணனூர் கஸ்தூரியம்மாவின் பதிவு அன்று மாலை வெளியாகிறது. தலைப்பு முடிவாகிவிட்டது, சுவரொட்டியும் தயார். எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும். தலைப்பு: ‘நைனா ஆண்ட நிலம்’. சுவரொட்டியில் பனைமரங்கள், மாலைச் சூரியன், பொன்னிற எழுத்துகள். நேர்த்தியாகவே இருந்தது.

காதொலிப்பானை மாட்டிக்கொண்டேன். கண்ணெதிரே மூடுபனி பைன் மரங்களிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. காதுக்குள் மின்ரயில் பணிமனைப் பக்கத்துத் தெரு, பாத்திரச் சத்தம், பிறகு அந்தக் குரல். கஸ்தூரியம்மா அங்கே ஒரு சிற்றுண்டிக் கடை நடத்துபவர். அவருடைய அப்பாவை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நைனா என்றே சொன்னார்.

“எங்க நைனாண்ட நாலு காணி நெலம் இருந்திச்சிமா. இருந்திச்சின்னா, பாத்துக்கினு இருந்தாரு. ஆண்ட நெலம் அது. ஒரு தபா ஏரி ஒடஞ்சி பயிரெல்லாம் பூட்ச்சி. நைனா ஆண்டயாண்ட போய் நின்னாரு…”

கணினியின் வரைவு இப்படி இருந்தது: “எங்கள் நைனா ஆண்ட நாலு காணி நிலம் இருந்தது. பார்த்துக்கொண்டு இருந்தார். ஆண்ட நிலம் அது. ஏரி உடைந்து பயிரெல்லாம் போய்விட்டது. நைனா ஆண்டு யாண்டு போய் நின்றார்.”

‘ஆண்டு யாண்டு’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பழம்பாடல் ஒன்றில் வழிதவறிப் புகுந்தவர் போல அந்த மனிதர் நின்றார். அடுத்த கணம் சிரிப்பு நின்றது. ‘என்னிடம் இருக்கிறது’ என்று முந்தைய நாள் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. பதிவைப் பின்னோக்கி நகர்த்தி மறுபடி கேட்டேன்.

எங்கள் பேச்சில் ‘ஆண்ட’ என்பது ஓர் உருபு. அவனாண்ட, என்னாண்ட, கடையாண்ட: அவனிடம், என்னிடம், கடையருகே. நைனாண்ட இருந்த நிலம் என்றால் நைனாவின் பொறுப்பில் இருந்த நிலம். இது ஒன்று. மற்றொன்று ‘ஆண்டை’, கூலிக்கு உழைத்தவர்கள் நிலத்துக்காரரை அழைத்த சொல். பேசும்போது சொல்லின் இறுதி ஐகாரம் குறுகும் என்பதை முதலாண்டு இலக்கணத்திலேயே படித்திருக்கிறேன். குறுகியபோது ‘ஆண்டை’யும் ‘ஆண்ட’ ஆகிவிட்டது. கணினிக்கு இரண்டும் ஆட்சிபுரிந்ததாகவே கேட்டிருக்கின்றன. விளைவு, நிலத்துக்காரர் வரைவிலிருந்தே மறைந்துபோனார். அவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் அதை ஆண்டவராகிவிட்டார். ‘ஆண்டயாண்ட’ என்ற ஓரிடத்தில் மட்டும், ஆண்டையிடம் என்ற பொருளில், இரண்டு சொல்லும் கைகோத்து நின்று உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

இது வெறும் சொற்பிழையாக இருந்திருந்தால் திருத்திவிட்டு அடுத்த காபியைக் கேட்டிருப்பேன். ஆனால் பதிவின் முடிவில் கஸ்தூரியம்மா இதையும் சொல்லியிருந்தார்: “கட எங்கத இல்லமா. ஆண்ட வூட்டு பேரன் கட்டன கட்டடம். நல்ல மாதிரிதான். நான் பேசனத கேட்டு அவரு மனசு சங்கடப்படாம பாத்துப் போடுங்க, இன்னா?”

அந்தப் பேரன் அன்று மாலை தன் கைபேசியில் பார்க்கப் போவது பொன்னெழுத்தில் ‘நைனா ஆண்ட நிலம்’. உன் தாத்தாவின் நிலம் என் அப்பாவுடையது என்று கடைக்காரம்மா ஊரறியச் சொன்னதாகத்தான் அவர் புரிந்துகொள்வார். அவர் கடையைக் காலிசெய்யச் சொன்னால், கஸ்தூரியம்மாவின் அடுப்பு அணைந்துபோகும்.

பிரபா மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பத்திகள். உருபு மயக்கம், ஐகாரக் குறுக்கம், உடம்படுமெய் ஆகியவற்றை முறையே விளக்கி, “தலைப்பு மறுபரிசீலனை செய்யப்படுவது நலம் எனத் தோன்றுகிறது” என்று முடித்தேன். எவருக்குத் தோன்றுகிறது என்று அதில் இல்லை. பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஏற்றுக்கொண்டார் என்று நிம்மதியாக இருந்தேன். பிற்பகலில் எங்கள் பணிக்குழுவில் இறுதிச் சுவரொட்டி வந்தது. பனைமரம், சூரியன், ‘நைனா ஆண்ட நிலம்’.

ரேவதியிடம் காட்டினேன்.

“நீ அனுப்ன மெயில படிச்சியா நீயே? எனக்கே தூக்கம் வருது. போன் பண்ணுடி.”

“வேலையா இருப்பாங்க.”

“கட போனா அந்தம்மாவும் வேலையில்லாமதான் இருப்பாங்க. பண்ணு.”

தொலைபேசியில் பேசுவது எனக்கு எளிதன்று. பதினைந்து ஆண்டு இத்தொழிலில் இருப்பவரை, சோதனைக் காலத்தில் இருக்கும் ஒருத்தி, தலைப்புக்குள் போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிறகும் அழைப்பது இன்னும் எளிதன்று. அழைத்தேன்.

“சொல்லு கயல். ஆட்டோல போயிட்டிருக்கேன். இங்க மெட்ரோ வேலை, ஒண்ணும் கேக்கல.”

“மேடம், ‘ஆண்ட’ என்பது இவ்விடத்தில் ஏழாம் வேற்றுமை…”

“என்ன வேற்றுமை? சத்தமா பேசும்மா!”

இரும்பு அறைபடும் ஓசை, ஆரன், யாரோ யாரையோ திட்டுவது. பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுவதும் அந்தத் தோட்டத்துக்குள் வந்து இறங்கியது. அந்த இரைச்சலில் இலக்கணம் செல்லாது என்று புரிந்தது. எழுந்து நின்றேன். நான்கு நாட்களாகக் காதில் ஓடிய பேச்சு, என் அம்மாவின் பேச்சு, என் வாயில் தானாக வந்தது.

“எங்க நைனாண்ட நெலம் இருந்திச்சி! பாத்துக்கினுதான் இருந்தாரு! நெலம் ஆண்டையிது! பயிரு பூட்ச்சின்னு ஆண்டையாண்ட போய் நின்னாரு! ஆண்டை… யாண்ட! அவரு எங்க மேடம் ஆண்டாரு?”

சதுரங்கக்காரர்கள் காயைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள். அமைதிக்காகவே மனிதர்கள் வரும் தோட்டத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன். லான் தேநீர்க் கெண்டியோடு நின்றாள். ரேவதி தன் கூட்டத்தின் ஒலியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

மறுமுனையில் ஆட்டோ எங்கோ ஓரமாக நின்றது போலிருந்தது. இரைச்சல் குறைந்தது.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார் பிரபா மேடம். சொன்னேன். “எங்க ஊர்ல ‘அவர்ட்ட’ம்போம். ‘ஆண்ட’ன்னதும் எனக்கு ராஜாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. நானும் பெருமையா தலைப்பு வச்சேன்… சரி. நாளைக்கிக் காலைல வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அவங்க நம்பர் அனுப்புறேன், நீயே கேட்டு உறுதிப்படுத்து. ஆனா நீ சொல்றது தப்பா இருந்துச்சு, போஸ்டர் அப்படியே போயிரும். உன் வேலை விஷயத்தையும் நான் யோசிக்கணும்.”

கைபேசியை வைத்தேன். கீழ்ப்படி முதியவர்களில் ஒருவர் லானிடம் ஏதோ கேட்டார். அவள் அதை மொழிபெயர்த்து எனக்குக் காட்டினாள்: “அக்கா யாரோடு சண்டையிடுகிறார்? வென்றாரா?” இன்னும் தெரியவில்லை என்று தட்டச்சு செய்தேன். படித்துவிட்டு அவர் தம் கிண்ணத்திலிருந்த வறுத்த பூசணி விதைகளில் ஒரு பிடியை எடுத்து லானிடம் கொடுத்தனுப்பினார்.

மாலையில் அம்மா அழைத்தது. மழை கொட்டுகிறதாம், நாளை கார்த்திகை தீபம், அகல் எப்படி எரியுமோ என்ற கவலை. “இன்னாடி பாப்பா, துன்னியா? தொண்ட ஏன் இப்டி கட்டிக்கீது?” என்று கேட்டது. குளிர் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக்கு முதல் ஆளாக நான்தான் போனேன். லான் நாற்காலிகளின் பனியீரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனூரில் கடை திறந்திருக்கும் நேரம் வரும்வரை காத்திருந்து, எண்ணை அழுத்தினேன். என்ன பேசுவதென்று மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

“அலோ, யாரு?” என் காதில் இத்தனை நாள் பதிவாக மட்டும் இருந்த குரல்.

“வணக்கம் அம்மா. தங்களுடைய பதிவின் தலைப்பு குறித்து ஓர் ஐயம்…”

“இன்னா, பேங்க்கா? லோனெல்லாம் வேணாம்மா. நாஷ்டா நேரத்துல உயிர வாங்காத.”

“ஐயோ, பேங்க் இல்லக்கா! வெச்சிடாதீங்க. உங்க கதைய ரெக்கார்ட் பண்ணாங்கல்ல, அதுலேர்ந்து பேசறேன்.”

“ஆங், அதுவா. சொல்லு கண்ணு. அண்ணாத்தே, இட்லி ரெண்டா மூணா? நைட் ஷிப்ட்டு முட்ச்சிட்டு வந்துக்கிறாங்க, ஒரே கூட்டம். நீ சொல்லு.”

“அதுல உங்க நைனா ஆண்ட நெலம்னு போட்டுக்கீறாங்கக்கா. ராஜா ஆண்ட மாதிரி.”

அவர் சிரித்த சிரிப்பில் கைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்க வேண்டியிருந்தது. “எங்க நைனா ஆண்டாரா? அவரு எங்கம்மாவையே ஆண்டதில்ல!” கடைக்குள் யாரோ என்ன என்று கேட்க, அவர் முதலிலிருந்து சொல்ல, ரயில் பணிமனை ஊழியர்கள் எல்லோரும் சிரிப்பது கேட்டது. “ஏன் கஸ்தூரிக்கா, ராஜா பொண்ணு ஊத்தற சட்னியா இது? தண்ணியா கீது?” என்றது ஓர் ஆண்குரல்.

சிரிப்பு அடங்கியபோது அவர் குரல் தாழ்ந்தது. ஓரமாகப் போய்ப் பேசுகிறார் என்று தெரிந்தது. “அத்த எடுத்துடு கண்ணு. ஓனரு தம்பி பாத்தா இன்னா நெனைக்கும்? நாங்க அப்டி சொன்னதே இல்ல. நைனாண்ட இருந்திச்சி. ஆண்டயோட நெலம். அதான நெசம்?”

“‘நைனாண்ட இருந்த நெலம்’னு போடட்டுமாக்கா?”

“ஆங். அப்டி போடு. இருந்திச்சி. அவரும் ஒழுங்கா பாத்துக்கினாரு. யாராண்டயும் ஒரு பேச்சு கேட்டதில்ல.” பாத்திரம் ஒன்று விழுந்தது. “ஆமா, நீ எங்கேர்ந்து பேசற? கோழி கத்துது.”

“வியட்நாம்ல கீறேங்க்கா.”

“அது எங்க கீது? திருத்தணியாண்டயா?”

“இல்லக்கா, தூரம். மல மேல. குளுருது.”

“அடிப்பாவி. பொம்பளப் புள்ள, தனியாவா கீற? யாராண்ட கீற?”

“எங்க அக்காவாண்ட கீறேன்,” என்றேன்.

அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த லான், ஈரத்துணியோடு நிமிர்ந்து, “அக்கா?” என்றாள். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

“சரி, துன்னியா?”

“இன்னும் இல்லக்கா.”

“மொதல்ல போய் துன்னு. ஃபோன வெய்யி.”

வைத்தேன். பிரபா மேடத்துக்கு எழுதினேன். இம்முறை பத்திகள் இல்லை. “நான் கேட்டேன். ‘நைனாண்ட இருந்த நிலம்’. கஸ்தூரியக்கா சரி என்றார்.” ‘நான்’ என்ற சொல்லை அழிக்கலாமா என்று ஒருமுறை பார்த்தேன், அழிக்கவில்லை. நான் மடிக்கணினியை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது: “சுவரொட்டி மாறுகிறது. அடுத்த வாரம் ஆவடிப் பதிவுகள் ஆறு அனுப்புகிறேன். தலைப்பும் நீயே வை.”

பிறகு லானையும், தூக்கம் கலையாத ரேவதியையும் அழைத்துக்கொண்டு தெருமுனைக்கு இறங்கிப் போய், அந்தக் குழிக்கல்லருகே கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்து, சூடு ஆறுமுன் பத்துப் பணியாரம் தின்றேன்.